வெளியே நின்று திறக்க வேண்டிய பூட்டு

உலகத்தையே ஒரு காய்ச்சல் சுற்றி வந்த காலத்தில் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு ஒரு பெருமை இருந்தது. அதிக முறை திறக்கப்பட்ட பள்ளி அதுதான். அதிக முறை மூடப்பட்ட பள்ளியும் அதுதான். இரண்டு பெருமையும் ஒரே பள்ளிக்கு எப்படி வரும் என்று கேட்பவர்கள், கதவே இல்லாத வீட்டில் வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும்.

இந்தப் பெருமைக்குக் காரணம் பள்ளித் திறப்பு மற்றும் மூடல் இயக்ககம். காய்ச்சல் வந்த புதிதில் தற்காலிகமாகத் தொடங்கப்பட்டது. தற்காலிகம் என்பதால் உடனடியாக மூன்று மாடிக் கட்டடம் கட்டினார்கள். மேல் மாடியில் திறப்புப் பிரிவு. கீழ் மாடியில் மூடல் பிரிவு. நடு மாடியில் தேநீர். எத்தனை பள்ளிகளைத் திறந்தார் என்று பார்த்துத் திறப்பு அதிகாரிக்குப் பதவி உயர்வு. எத்தனை பள்ளிகளை மூடினார் என்று பார்த்து மூடல் அதிகாரிக்கு. திறந்த பள்ளியைத்தான் மூட முடியும், மூடிய பள்ளியைத்தான் திறக்க முடியும் என்பதால், மேடையில் எலியும் பூனையுமாக இருந்த இருவரும் நடு மாடியில் ஒரே தட்டு பிஸ்கட்டில் கை நனைத்தார்கள்.

இந்த இருவருக்கும் நடுவில் அகப்பட்டவர் எங்கள் தெருப் பூட்டுக்காரர். பூட்டு விற்பார், பழுது பார்ப்பார், சாவி தொலைந்தால் திறந்து கொடுப்பார். ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் எந்தப் பூட்டையும் திறந்துவிடுவார் என்று பெயர். மற்றபடி எதிர்த்துப் பேசத் தெரியாத மனிதர்.

பள்ளிக்கு அவர் எதற்கு என்றால், ஒவ்வொரு மூடலுக்கும் புதுப் பூட்டு போட்டு, அரக்கு வைத்து, சாவியை உறையில் இட்டு ஜீப்பில் இயக்ககத்துக்கு அனுப்புவார்கள். அனுப்பிய சாவி திரும்பி வராது. சாவியைத் திறப்புப் பிரிவுக்குக் கொடுத்தால் தாங்கள் மூடியது தப்பு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது மூடல் பிரிவின் கொள்கை. ஆகவே ஒவ்வொரு திறப்புக்கும் பூட்டை உடைக்க வேண்டும். உடைப்பதற்கும் அவர்தான், அடுத்த பூட்டு போடுவதற்கும் அவர்தான்.

பள்ளிக்கு ஒரே வாசல். அதில் கம்பிக் கதவு. கதவில் ஒரு தகரப் பலகை. இரண்டு பிரிவும் எல்லை தாண்டிச் சண்டை போடாமல் இருக்க இரண்டு அதிகாரிகளும் சேர்ந்து எழுதி மாட்டிய பலகை அது: ‘திறப்பு அதிகாரி வெளியே நின்று ரிப்பன் வெட்டாமல் இந்தப் பூட்டைத் திறப்பது குற்றம்.’

பூட்டுக்காரரின் மகளை எங்கள் தெருவில் எல்லோரும் குண்டூசி என்று கூப்பிடுவோம். உடம்பும் அப்படி, வாயும் அப்படி. ஒன்றாம் வகுப்பு. அந்தப் பலகையில் ‘அதிகாரி’ என்ற இடத்தில் வரும் ‘அ’வை மட்டும் எக்கித் தொட்டு, “இவனை எனக்குத் தெரியும்” என்பாள். மற்ற எழுத்து எதையும் தெரியாது. அது அவள் குற்றமல்ல. ஒவ்வொரு முறை பள்ளி திறக்கும்போதும் பாடத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று இயக்ககம் சுற்றறிக்கை விட்டிருந்தது. மூடுவதற்கு முன் படித்த பாடத்தில் கிருமி ஒட்டியிருக்கலாம் அல்லவா? டீச்சரம்மா கரும்பலகையில் ‘அ’ போடுவார். பிள்ளைகள் ‘அ’ சொல்வார்கள். ‘ஆ’வுக்குச் சாக்பீஸைத் தூக்குவார். வாசலில் மூடல் பிரிவின் ஜீப் வந்து நிற்கும்.

இப்படியாகக் குண்டூசிக்கு ‘அ’ மிகப் பிரமாதமாக வந்தது. வீட்டுச் சுவரில் அ, அலமாரியில் அ, அப்பாவின் கடைப் பலகையில் அ, அசந்து தூங்கிய தாய்மாமன் முதுகில் அ. பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் மேஜையில் இடிக்கிற அளவுக்கு வளர்ந்தும் விட்டாள். வருடக் கடைசியில் பரீட்சை வைத்து, எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகளை மறுபடியும் ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார வைப்போம் என்று இயக்ககம் அறிவித்தபோது, அவள் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஏங்க, நீங்கதான போயி பூட்டுறீங்க?”

“பூட்டச் சொன்னா பூட்டுறேன். தொறக்கச் சொன்னா தொறக்குறேன்.”

“இப்படியே போனா இவ ஒண்ணாங்கிளாஸ்ல இருந்துதான் கல்யாணம் பண்ணிப் போவா. பத்திரிகைல மாப்பிள்ளை பேரு பக்கத்துல படிப்பு போடுவாங்க. பொண்ணு பக்கத்துல ‘அ’ன்னு போடுவோமா?”

பூட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி இன்னும் இரண்டு வார்த்தை கேட்டாள். தட்டில் இருந்த சோறு கூழானது. ஆனால் அன்று முதல் பூட்டு போடும்போதெல்லாம் ஒரு முறை மகள் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொள்வார் என்பார்கள்.

திறப்பு விழா எப்படி நடக்கும் என்று பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பெற்றோர் அனைவரும் கட்டாயம் வர வேண்டும். வராவிட்டால் பிள்ளைக்கு ஆப்சென்ட். எல்லாரையும் ஒரே வகுப்பறையில் நெருக்கி உட்கார வைப்பார்கள். வெளியிலிருந்து கிருமி வந்துவிடக் கூடாது என்று ஜன்னல்களுக்கெல்லாம் மூடல் பிரிவு முன்பே காகிதம் ஒட்டி முத்திரை குத்தியிருந்தது. காற்றுக்கே அனுமதி இல்லாத அந்த அறையில் திறப்பு அதிகாரி முகக்கவசத்தைக் கழற்றுவார். முகக்கவசத்தின் அவசியத்தை முகக்கவசத்தோடு சொன்னால் பின்வரிசைக்குக் கேட்காது.

“கூட்டம் கூடாதீர்கள் என்று சொல்வதற்காகத்தான் உங்களை எல்லாம் இங்கே கூட்டியிருக்கிறோம்” என்று அவர் தொடங்குவார். “இந்தச் செய்தியை வீட்டில் இருந்தே கேட்டிருக்கலாமே என்று சிலர் நினைக்கலாம். வீட்டில் இருந்தால் நீங்கள் கை தட்டுவது எனக்கு எப்படிக் கேட்கும்?”

கை தட்டுவார்கள். பிறகு ஒரே மைக் கையிலிருந்து கைக்குப் போய் ஒவ்வொரு அதிகாரியின் வாயையும் தொட்டு வரும். கடைசியில் குழந்தைகள் வாழ்த்துப் பாட்டை உரக்கப் பாட வேண்டும். உரக்கப் பாடாத வகுப்புக்கு விளக்கம் கேட்பார்கள்.

அடுத்த வாரமே தெருவில் வீட்டுக்கு வீடு இருமல் கேட்கும். சுகாதார நிலைய நர்சம்மா ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்க் கணக்கு எடுத்து அனுப்புவார். அந்தக் கணக்கு இயக்ககத்தில் ஒவ்வொரு மேஜையாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு மேலே ஏறும். கணக்கு ஏறி முடிப்பதற்குள் காய்ச்சல் இறங்கிவிடும். அந்த நேரம் பார்த்து மூடல் அதிகாரி அதிர்ச்சி அடைந்து, ஓடி வந்து பள்ளியை மூடுவார். மூடியபின் ‘காய்ச்சல் குறைந்துவிட்டது’ என்ற பழைய கணக்கு வந்து சேரும். “மூடினோம், குறைந்தது பார்த்தீர்களா” என்று மார் தட்டுவார்.

பள்ளியை மூடினால் பிள்ளைகள் அவரவர் வீட்டில் அடங்கி இருப்பார்கள் என்பது மூடல் பிரிவின் நம்பிக்கை. பிள்ளைகளை நேரில் பார்த்தவர்கள் யாரும் அந்தப் பிரிவில் இல்லை. ஆன்லைன் வகுப்பு என்றார்கள். எங்கள் தெருவில் படம் நிற்காமல் ஓடுகிற போன் பூட்டுக்காரரிடம் மட்டும்தான் இருந்தது. ஒன்றாம் வகுப்பு மொத்தமும் அந்தப் பெட்டிக் கடைக்குள் வந்து, தலையோடு தலை முட்டி, ஒருத்தன் தும்மினால் ஒன்பது பேர் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. போனில் டீச்சரம்மா ‘அ’ என்பார். அத்தோடு டேட்டா தீர்ந்துவிடும்.

நர்சம்மா ஒரு முறை இரண்டு அதிகாரிகளையும் சேர்த்துப் பிடித்துச் சொல்லிப் பார்த்தார்.

“கதவு தொறந்திருக்கா மூடியிருக்கான்னு கிருமி பாக்காது சார். உள்ள எத்தனை பேரு அடைஞ்சிருக்காங்க, காத்து வருதான்னுதான் பாக்கும். ஜன்னலத் தொறந்து விடுங்க. கூட்டம் போடாதீங்க. ஸ்கூலு பாட்டுக்கு நடக்கட்டும்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“காத்து எந்தப் பிரிவுல வருது?” என்று திறப்பு அதிகாரி கேட்டார்.

“எங்க பிரிவுல வரல” என்றார் மூடல் அதிகாரி. விஷயம் அத்தோடு முடிந்தது.

வினை வந்தது ஒரு திங்கட்கிழமை. நர்சம்மாவின் ஒரு வாரக் கணக்கு மேல் மாடிக்கும் வேறொரு வாரக் கணக்கு கீழ் மாடிக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. ஒன்றில் காய்ச்சல் இல்லை. மற்றதில் காய்ச்சல் தலைக்கு மேல். ஏற்கெனவே பூட்டிக் கிடந்த எங்கள் பள்ளியைக் காலையில் திறக்கச் சொல்லி மேல் மாடியும், அன்று பகல் பன்னிரண்டுக்கு மூடச் சொல்லிக் கீழ் மாடியும் உத்தரவு போட்டன.

திறப்பு அதிகாரி பரிவாரத்தோடு வந்தார். வெளியே நின்று ரிப்பன் வெட்டினார். பூட்டுக்காரர் பூட்டை உடைத்தார். வகுப்பறைகளைத் தாங்கள் சோதித்த பிறகே பிள்ளைகள் உள்ளே வரலாம் என்று சொல்லிவிட்டு அதிகாரிகள் உள்ளே போனார்கள். சோதனை என்பது டீயும் வடையும். பிள்ளைகளும் டீச்சரம்மாவும் வெயிலில் நின்றார்கள். உள்ளேயிருந்து ஏப்பச் சத்தம் வந்தது.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்பு மூடல் அதிகாரி தன் பரிவாரத்தோடு வந்து இறங்கினார். உள்ளே இருப்பவர்களை வெளியேற்றுகிறேன் பார் என்று வேட்டி மடிப்பு கலையாமல் வேகமாக உள்ளே நுழைந்தார். கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது. பிறகு அவருக்கும் ஒரு டீ என்று யாரோ சொல்வது கேட்டது. அப்புறம் சிரிப்பு. ஜீப் டிரைவர் தவிர அவருடைய ஆட்களும் ஒவ்வொருவராக வடையைத் தேடி உள்ளே போனார்கள்.

பள்ளிக் கடிகாரம் பன்னிரண்டு அடித்ததும் மூடல் அதிகாரிக்குக் கடமை நினைவுக்கு வந்துவிட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு கம்பிக் கதவுக்கு வந்து, உள் பக்கமாக நின்றபடியே கதவை இழுத்துச் சாத்தினார்.

“நேரமாச்சு. பூட்டு.”

பூட்டுக்காரர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். “சார், நீங்க உள்ள இருக்கீங்க.”

“நான் எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியாதா? எத்தனை பள்ளிக்கூடம் மூடியிருக்கேன், எனக்கே பாடம் எடுக்குறியா?”

“இல்ல சார், நீங்க வெளிய வந்துட்டு...”

“மூடற நேரத்துல மூடணும். ஒரு நிமிஷம் தப்புனாலும் அது அந்தாளு திறப்புக் கணக்குல போயிரும். பூட்டுய்யா.”

பூட்டச் சொன்னால் பூட்டுகிறவர். பூட்டினார். அரக்கை உருக்கி ஊற்றினார். அதிகாரி கம்பி இடுக்கு வழியாகக் கையை நீட்டி முத்திரை குத்தினார். சாவி உறையில் ஏறியது, உறை ஜீப்பில் ஏறியது, ஜீப் பறந்தது. வெளியே நின்ற போட்டோக்காரர் கம்பிக்குள் நின்ற அதிகாரியைப் படம் பிடித்தார். உள்ளே பலத்த கைதட்டல். நல்லபடியாக மூடிவிட்டோம் என்று எல்லாரும் கை குலுக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள். கதவு வரைக்கும் கிளம்பினார்கள்.

முதலில் திறப்பு அதிகாரிதான் சுதாரித்தார். “என்னப்பா வேடிக்கை பாக்குற, உடை” என்றார்.

“உடைச்சிரலாம் சார். நீங்க வெளிய வந்து ரிப்பன் வெட்டுங்க, அடுத்த நிமிஷம் உடைச்சிர்றேன்” என்றார் பூட்டுக்காரர். அவர் கிண்டல் செய்யவில்லை. கிண்டல் செய்யத் தெரிந்தவர் அல்ல.

“என் சீல் மேல எவன் கை வச்சாலும் சும்மா விட மாட்டேன்” என்றார் மூடல் அதிகாரி உள்ளேயிருந்து. “மூடுன அன்னைக்கே தொறந்தா என் மூடல் செல்லாது.” மூடல் செல்லாவிட்டால் தன் அடுத்த திறப்பும் செல்லாது என்று திறப்பு அதிகாரிக்கும் உறைத்தது. கௌரவம் கருதி இருவரும் ஒரு நாள் பொறுப்பது என்று முடிவாயிற்று.

அந்த நேரத்தில் நர்சம்மா ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். கம்பி வழியாக ஒவ்வொரு நெற்றியாகக் கருவியைக் காட்டினார். பாதிப் பேருக்குக் காய்ச்சல். காய்ச்சல்காரர்களும் அவர்களோடு இருந்தவர்களும் இருக்கிற இடத்தைவிட்டு நகரக் கூடாது என்பது சட்டம். யார் போட்ட சட்டம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

“பெரிசா ஒண்ணும் இல்ல சார், கஞ்சி குடிச்சுட்டுப் படுங்க” என்று நர்சம்மா மாத்திரையைக் கம்பி வழியாகக் கொடுத்தார். “மொதல்ல அந்த ஜன்னலத் தொறங்க.”

“ஜன்னல்ல என் முத்திரை இருக்கு” என்றார் மூடல் அதிகாரி, மூச்சு வாங்கிக்கொண்டே. திறப்பு அதிகாரி எழுந்து போய்க் காகிதத்தைக் கிழித்து ஜன்னலைத் திறந்தார். அவர் பதவிக் காலத்தில் ரிப்பன் இல்லாமல் திறந்தது அது ஒன்றுதான். அதற்குத்தான் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்திருக்க வேண்டும்.

வெளியே பிள்ளைகள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். டீச்சரம்மா கம்பிக்குள் இருந்தவர்களைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், தெருவுக்கு எதிரே குடிநீர் வாரியத்தின் காலி மைதானத்தைப் பார்த்தார்.

“கட்டடம்தான மூடியிருக்கு. வாங்கடா.”

மைதானம் வேறு துறைக்குச் சொந்தம். அங்கே திறக்கவும் மூடவும் கதவு இல்லாததால் இயக்ககத்துக்கு அங்கே வேலை இல்லை. கைக்கெட்டாத இடைவெளி விட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்தார். காற்று அனுமதி கேட்காமல் அடித்தது. முதல் நாள் ‘அ’. பழக்க தோஷத்தில் எல்லாப் பிள்ளைகளும் தெருப்பக்கம் திரும்பி ஜீப் வருகிறதா என்று பார்த்தார்கள். ஜீப்பில் வர வேண்டியவர் எதிரே ஜன்னலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். டீச்சரம்மா ‘ஆ’ போட்டார். குண்டூசி அன்று மாலை வீட்டுக்கு ஓடி வந்து, “அப்பா, அவனுக்கு ஒரு அண்ணன் இருக்கான்” என்றாள். அவள் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் என்றாள். அன்று சமையலில் வெங்காயம் இல்லை.

உள்ளே இருந்தவர்களுக்குச் சீக்கிரமே காய்ச்சல் தணிந்தது. ஆனால் சட்டம் தணியவில்லை. பூட்டைத் திறக்க அனுமதி கேட்டு இயக்ககத்துக்கு எழுதினார்கள். திறப்பு அதிகாரி நேரில் வந்து விண்ணப்பித்தால் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. சாவியையாவது அனுப்புங்கள் என்று எழுதினார்கள். மூடல் அதிகாரியின் கையெழுத்து இல்லாமல் சாவி வெளியே போகாது, அவர் வெகு நாட்களாக அலுவலகத்துக்கு வராததால் அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. அவர்கள் வீடுகளிலிருந்து ஏன் யாரும் தேடி வரவில்லை என்பதை நாகரிகம் கருதி விட்டுவிடுகிறேன். சாப்பாடு மட்டும் வேளை தவறாமல் வந்தது. ஊர்க்காரர்கள் முறை வைத்துக் கொடுத்தார்கள். விருந்தாளியை வெளியே விடாவிட்டாலும் பட்டினி போடக் கூடாது.

இதற்கிடையில் ஊரில் ஒரு விசித்திரம். இருமல் குறைந்தது. திறப்பு விழா இல்லை, மூடல் விழா இல்லை, மைக் இல்லை, வடை இல்லை. பூட்டுக்காரர் கடைக்குள் தலையோடு தலை முட்ட யாரும் வரவில்லை. நர்சம்மா ஸ்கூட்டரைத் துடைத்து நிறுத்திவிட்டு மத்தியானம் தூங்கினார். குறைந்த கணக்கை இயக்ககத்துக்கு அனுப்பினார். வழக்கம்போல் தாமதமாக அது பள்ளிக்குள்ளும் வந்து சேர்ந்தது.

“பாத்தியா, பள்ளிக்கூடம் மூடியிருக்கு, காய்ச்சல் கொறஞ்சிருச்சு” என்று மூடல் அதிகாரி குதித்தார்.

“எதிர்ல பாருய்யா, பள்ளிக்கூடம் தொறந்துதான் இருக்கு” என்றார் திறப்பு அதிகாரி, மைதானத்தைக் காட்டி.

இரண்டு பேரும் வெகுநேரம் மோவாயைத் தடவினார்கள். மூடியதும் அல்ல, திறந்ததும் அல்ல, வேறு எதுவோ ஒன்று மாறியிருக்கிறது என்ற அளவுக்கு அவர்களுக்குப் புரிந்தது. அது என்ன என்று மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடி இல்லாத கட்டடம் அது.

கடைசியில், மைதானத்தில் எழுத்தெல்லாம் முடிந்து சொல் கூட்டத் தொடங்கியிருந்த ஒரு நாள், திறப்பு அதிகாரி கம்பியைப் பிடித்துக்கொண்டு பூட்டுக்காரரைக் கூப்பிட்டார். குரல் தழுதழுத்தது. “ரூலும் வேணாம், ரிப்பனும் வேணாம்பா. ஒடைச்சு விட்டுரு. வெளிய வந்ததும் இந்த வாரமே பிரமாதமா ஒரு திறப்பு விழா வச்சிரலாம்.”

“முடிஞ்சதும் நான் மூடிர்றேன்” என்றார் பக்கத்தில் மூடல் அதிகாரி, அதைவிடத் தழுதழுப்பாக.

பூட்டுக்காரர் பையைத் திறந்து உளியை எடுத்தார். ஒரு கொட்டாவி நேர வேலை. எதிர் மைதானத்திலிருந்து பிள்ளைகளின் சத்தம் நின்றது. டீச்சரம்மா சாக்பீஸை இறக்காமல் இந்தப் பக்கம் பார்த்தார். ஊர்க்காரர்களும் அங்கங்கே தள்ளித் தள்ளி நின்று பார்த்தார்கள். பூட்டுக்காரரின் மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். இந்த முறை கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

உளி பூட்டைத் தொட்டுக்கொண்டே நின்றது. பூட்டுக்காரர் தலையைச் சொறிந்தார்.

“சார், இந்தப் பலகைல என்னமோ எழுதியிருக்கு. கண்ணாடி கொண்டு வரல. பாப்பா படிக்கட்டும்.”

குண்டூசி ஓடி வந்தாள். பலகைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மைதானத்தில் படித்தது எல்லாம் நெஞ்சுக்குள் இருந்தது. ஆனாலும் இவ்வளவு பெரிய வாக்கியத்தை அவள் தனியாகப் பார்த்ததில்லை.

“தி... ற... ப்... பு. திறப்பு.”

“திறப்பு அதிகாரி” என்று உள்ளேயிருந்து திறப்பு அதிகாரி அவசரமாக எடுத்துக் கொடுத்தார்.

“சொல்லிக் குடுக்காதீங்க. டீச்சர் திட்டுவாங்க” என்றாள். ‘அ’ வந்ததும் நின்று, பழைய சிநேகிதனுக்கு ஒரு சிரிப்பு சிரித்தாள். பிறகு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டு நகர்ந்தாள். அதிகாரி. வெளியே. நின்று. ‘ரிப்பன்’ கொஞ்சம் தகராறு செய்தது. அதையும் ஒரு வழியாக மடக்கினாள். உள்ளே இருந்தவர்கள் அவளோடு சேர்ந்து உதட்டை அசைத்தார்கள். தாங்களே எழுதியது என்றாலும், அதை முழுக்கக் கேட்பது அவர்களுக்கு அதுதான் முதல் முறை.

“கு... ற்... ற... ம். குற்றம்.”

அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பூட்டுக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கை ஒரு முறை உறிஞ்சிக்கொண்டார்.

“அப்பா, தொறந்தா குத்தமாம்.”

பூட்டுக்காரர் உளியைத் துடைத்துப் பைக்குள் போட்டார்.

“பாப்பா படிச்சிட்டா சார்” என்றார். “குத்தம்னு போட்டிருக்கு.”

உள்ளே இரண்டு அதிகாரிகளும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். டீச்சரம்மா மைதானத்திலிருந்து, நாளையிலிருந்து வாய்ப்பாடு, ஜன்னலில் இருப்பவர்களும் வேண்டுமானால் கூடச் சேர்ந்து சொல்லலாம், ஆனால் முகக்கவசம் போட்டுக்கொண்டு சொல்ல வேண்டும் என்று அறிவித்தார்.